டீச்சரோட வெள்ளை வண்டி

மே 4

வெயில் கொளுத்துது. ஷெட் தகரத்துல கை வெக்க முடியல. காலைல ரெண்டு பிரேக், ஒரு ரேடியேட்டர்.

டிராக் ரேஸுக்கு வண்டி தேடணும். போன வருஷம் முரளிகிட்ட தோத்தேன். நேர் ரோட்டுல நானூறு மீட்டர்தான். கோட்டைத் தாண்டிட்டு கையை வெளிய நீட்டி டாட்டா காட்டினான், நாயி. எல்லாரும் சிரிச்சாங்க. இந்த வருஷம் அவன் மூஞ்சில கரி பூசணும். வேற ஆசையே இல்ல எனக்கு.

வேண்டியது: முன்வீல் இழுக்கற பழைய வண்டி. 1.3 பெட்ரோல். லேசான பாடி. துரு கூடாது. கியர்பாக்ஸ் அடி வாங்காதது. விலை நம்ம லெவல்ல.

பாவா (அக்கா வூட்டுக்காரர், ஷெட்டுல கூட்டாளி): "கிளம்பறப்ப வெயிட்டு பின்னாடி சாயும், முன்வீல் சும்மா சுத்தும். பின்னாடி எவ்ளோ கழட்டறியோ அவ்ளோ நல்லது."

மே 7

கனகம்மாசத்திரம், சிவப்பு. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஒரு ரவுண்டு. டக் டக் டக். ஆக்சில் காலி. "சாமி சத்தியமா ஒரே கை ஓட்டின வண்டிங்க"ன்றான் ஓனர். ஆங், எலக்‌ஷன் கை. மேல மைக் கட்டின ஓட்டை நாலு கீது.

திருவாலங்காடு, நீலம். கரும்புக்காரர். புது சம்பந்தி வூட்டுக்காரங்க உக்காந்துகினு இருந்தாங்க. பின்னாடி துருப்புடிச்ச தளத்துல ஸ்க்ரூடிரைவரை ஒரு அழுத்து அழுத்தினேன். அந்தாண்ட வந்துடுச்சு. "யூரியா மூட்டை ஏத்தினீங்களா? இது வண்டி இல்லீங்க, சல்லடை"ன்னு சத்தமா சொன்னேன். மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. வேணும்னேதான் சொன்னேன். பாவா வழி பூரா திட்டிகினே வந்தார். எனக்கு சிரிப்பு அடங்கல.

மே 11, கிருத்திகை

டீச்சரை மலைக் கோயிலுக்கு இட்டுகினு போனேன். ரெண்டு தெரு தள்ளி வூடு, ரிடையர்டு, தனிக்கட்டை. கண்ணு மங்கிடுச்சு, முட்டியும் போச்சு, படி ஏற முடியாது. மூணு வருஷமா கிருத்திகைக்கு கிருத்திகை அவங்க வண்டியை நான்தான் ஓட்டறேன்.

மலை ரோட்டுல ஏறறப்பதான் உறைச்சுது. இதோ கீதே! 1.3. வெள்ளை. அறுபது ஸ்பீடைத் தாண்டாத வண்டி. பொட்டு துரு இல்ல. கைல வெச்சிகினு ஊரெல்லாம் சுத்தினேன், லூசு.

அவங்க உள்ள சாமி கும்பிட்டுகினு இருக்கறப்ப பானெட்டைத் தெறந்து ஒரு பிளக் ஒயரை லூஸ் பண்ணி வுட்டேன். இறங்கறப்ப ஒரே குலுக்கல்.

"என்னடா குமாரு?"

"இன்ஜின் போச்சு டீச்சர். வயசாயிடுச்சு."

"எனக்கா, வண்டிக்கா?"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

மே 15

கம்ப்ரெஷன் பார்த்தேன். நாலு சிலிண்டரும் ஒரே அளவு, இன்ஜின் கல்லு மாதிரி கீது. டீச்சர்கிட்ட உதட்டைப் பிதுக்கினேன். "காயலான் கடைக்குத்தான் போவும். பாவம், நானே எடுத்துக்கறேன்."

அவங்க விலை பத்தி ஒரு வார்த்தை பேசல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "கிருத்திகைக்கு மட்டும் கூட்டிட்டுப் போவியாடா?"

"இன்னா டீச்சர் இப்படி கேக்கறீங்க. வண்டி ரெண்டு தெரு தள்ளித்தானே நிக்கப் போவுது."

ஆர்.சி. புக், ரெண்டு சாவி, எல்லாம் கைல குடுத்துட்டாங்க.

ஒயர் விஷயத்தை பாவாகிட்ட சொன்னேன். "நீ நல்லாவே இருக்க மாட்டடா"ன்னார். அப்புறம் பானெட்டைத் தெறந்து பார்த்துட்டு விசில் அடிச்சார்.

ஜூன் 1

தூறல். கரண்ட் இல்ல.

கழட்டினது: பின்சீட்டு, முன்பக்கம் இடது சீட்டு, கார்ப்பெட்டு, ஏசி, ஸ்டெப்னி, டேஷ்போர்டு பிள்ளையார் (பாவா எடுத்துகினார்). கிளட்ச் புதுசு. லேஅவுட் காலி ரோட்டுல ஒரு தடவை பார்த்தோம். முன்வீல் கீச்சுன்னு கத்திச்சு, அப்புறம் புடிச்சுது பாரு! அழுகையே வந்துடுச்சு எனக்கு. முரளி செத்தான்.

ஜூன் 7

ரேஸுக்கு நாலு நாள். காலைல இன்ஜினை ஓட வுட்டு டியூனிங். கேட்டைத் தட்டற சத்தம். டீச்சர். தலைக்குக் குளிச்சு, பட்டுப் புடவை, கூடைல பூ, தேங்கா. சுவத்தைப் புடிச்சுகினே ரெண்டு தெரு நடந்து வந்திருக்காங்க. இன்னிக்கு கிருத்திகை. மறந்தே போச்சு.

கதவைத் தெறந்து கையால தடவினாங்க. வெறும் தகரம்.

"சீட்டு எங்கடா?"

"கழட்டிட்டேன் டீச்சர். ரேஸுக்கு. வெயிட்டு கொறையணும்."

கூடையைக் கை மாத்திகினாங்க. அப்புறம், "நான் நாப்பத்தெட்டு கிலோதாண்டா குமாரு. கீழயே உக்காந்துக்கறேன்."

புடவையைச் சுருட்டிப் புடிச்சுகினு உள்ள காலை வெச்சாங்க. மலை ஏத்தத்துல புது கிளட்ச் கருகிடும். "இறங்குங்க டீச்சர், ஆட்டோ புடிச்சுத் தரேன்"னேன். முட்டி மடங்கல, இறங்க வரல. கையைப் புடிச்சு இஸ்தேன். பூக்கூடை கவுந்துச்சு. பாவா பார்க்காத மாதிரி ஸ்பானர் துடைச்சுகினு இருந்தார்.

ஆட்டோல ஏத்தி வுட்டேன். "இன்ஜின் சத்தம் நல்லாத்தாண்டா கேக்குது"ன்னாங்க.

வெக்கமாத்தான் இருந்துச்சு. சீட்டு ஷெட் மூலைலயே கெடக்குது. நாலு போல்ட்டு. பத்து நிமிஷ வேலை. மாட்டல.