பிரசங்கம் முடிந்ததும் வெளியே போனவருக்கு

அன்புள்ள அண்ணை,

உங்கள் யூனியன்வில் வீட்டை மகன் விற்கப்போகிறான். அலுமாரியில் கிடந்ததென்று நேற்று உங்கள் கொப்பியைக் கொண்டுவந்து தந்தான். முதல் பக்கத்திலேயே நான் சொல்லித்தந்த கிரேக்கச் சொற்கள், உங்கள் வட்டமான தமிழ் எழுத்தில். கத்திக்கூமெனோஸ்: கேட்டுக் கற்பவர். ஃபோத்திசோமெனோஸ்: ஒளி பெறப்போகிறவர். பிஸ்தோஸ்: விசுவாசி. முதற் சொல்லுக்குப் பக்கத்தில் "இது நான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

சைவக் குடும்பத்தில் பிறந்து, அறுபத்தெட்டு வயதில் ஞானஸ்நானத்துக்குப் படிக்க வந்தவர் நீங்கள். கிறிஸ்தவரான உங்கள் மனைவியை, நான் அக்கா என்று கூப்பிட்டவரை, மோர்னிங்சைட் பக்கத்துக் கிறிஸ்தவச் சேமக்காலையில், அந்தக் கல்லறைத் தோட்டத்தில், அடக்கம் செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முதல் வகுப்பு முடிந்ததும் எனக்கு மட்டும் காரணத்தை ஒளிக்காமல் சொன்னீர்கள்.

"மனிசிக்குப் பக்கத்தில கிடக்கவேணும். மிச்சத்தை நீர் சொல்லித்தாரும், நான் நம்பிறன்."

பிரசங்கம் முடிந்ததும், இன்னும் ஞானஸ்நானம் பெறாத கற்போரை வெளியே அனுப்பும் பழைய வழக்கத்தை எங்கள் கோயிலில் திரும்பக் கொண்டுவந்தவன் நான்தான். ஆதிச் சபையில் அப்படித்தான் என்று பங்குச் சுவாமியாரோடு மல்லுக்கட்டினேன். நீங்கள் முகம் கோணாமல் எழுந்து கீழ்மண்டபத்துக்குப் போவீர்கள். ஒருநாள் மட்டும், கோப்பி குடிக்கவும் தனி வரிசையோ என்று பகிடி விட்டீர்கள்.

உயிர்த்த ஞாயிறன்று உங்களுக்கு ஞானஸ்நானம். அதற்கு மூன்று கிழமை இருக்க, மிசிசாகாவில் மகன் வீட்டில் மாரடைப்பு வந்து போய்விட்டீர்கள். மறுநாள் அவன் போன் எடுத்தான்.

"அங்கிள், அப்பா உங்கட சேர்ச்சில மெம்பரோ?"

"இன்னும் இல்லை, தம்பி" என்றேன்.

பதிலில் பிழையில்லை, அதுதான் கொடுமை. கற்பவராக இருக்கும்போதே இறந்தவரையும் சபை தன் பிள்ளையாகவே அடக்கம் செய்யும் என்று வகுப்பில் சொல்லித்தந்தவனும் நானே. அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதிர்ச்சியில் இருந்தேன் என்று எனக்கே சாக்குச் சொல்லிப் பார்க்கிறேன், எடுபடவில்லை.

ஐயர் வந்து கிரியை செய்தார். தகனம் முடிந்து சாம்பலை ஏரியில் கரைத்தார்கள். பின்வரிசையில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. உங்கள் ஆசை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது, அப்பா தன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று மகன் பிறகு கதைத்தபோதுதான் விளங்கியது.

இப்போது நான் வகுப்பு எடுப்பதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு சேமக்காலைக்குப் போகிறேன். என்னை மன்னியுங்கள், அண்ணை. அக்காவின் கல்லைத் துடைக்கும்போது, அதில் உங்கள் பெயருக்கென்று நீங்களே விடச்சொன்ன வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் துடைக்கிறேன்.