ஜூலையில் வந்த கிறிஸ்துமஸ்

இங்ஹாம்,
வடக்கு குயின்ஸ்லாந்து.
செப்டம்பர், ஞாயிறு மாலை

என் செல்ல மகள் ஒர்னெல்லாவுக்கு,

அம்மாவின் முத்தங்கள். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதில் பாதிதான் உண்மை. ஃபோன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே கரும்பு வெட்டு மும்முரம். உன் அப்பா வீட்டுக்கு வரும்போது புழுதியில் அடையாளம் தெரிவதில்லை. தக்காளி கொட்டிக் கிடக்கிறது, சாஸ் போட்டு பாட்டிலில் அடைக்கத்தான் ஆள் இல்லை. அசுந்தா அத்தை இப்போதெல்லாம் அடுப்படிக்கே வருவதில்லை.

அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும். கண்ணேறு கழிக்கும் ஜெபத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மட்டும்தான் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொல்லலாம், வேறு நாளில் சொன்னால் சொன்னவளை விட்டு அது போய்விடும் என்பது நம் இத்தாலிய ஜனங்களில் யாருக்குத் தெரியாது? உனக்கும் தெரியும். ஆனால் அந்த ஜெபத்தை வைத்து நீ எழுதும் இத்தாலியப் படிப்பின் ஹானர்ஸ் ஆய்வேட்டுக்கு அக்டோபர் கெடு. டிசம்பர் வரை யார் காத்திருப்பது! இங்கே குளிர்காலம் ஜூலையில்தானே என்று கிளப்பில் விளையாட்டாக ஜூலை கிறிஸ்துமஸ் விருந்து வைத்த அன்று அவள் தோளைக் கட்டிக்கொண்டாய். "கிளப்புல மரம் வெச்சாச்சு, கேக் வெட்டியாச்சு, குளிருது வேற. இதுவும் கிறிஸ்துமஸ்தானே அத்தை?" என்று கொஞ்சினாய். உனக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு எங்கே வாய் வரும்? வீட்டுக்கு வந்ததும், நீ ஃபோனில் பதிவு செய்ய, ஜெபத்தைச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரமே பக்கத்து வீட்டு ரோஸால்பா தலைவலி, கண்ணேறு கழிக்க வேண்டும் என்று வந்தாள். அத்தை வழக்கம்போலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, எண்ணெயைச் சொட்டவிட்டு, வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. "ஒரு வார்த்தை வரலடி. உள்ள யாரோ துடைச்சு எடுத்துட்டாப்ல இருக்கு" என்று அழுதாள். நான் மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை விற்கிறவள், இதையெல்லாம் நம்புகிறவளா? பக்கவாதமோ என்று பயந்து டவுன்ஸ்வில்லுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தேன். மூளை சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ரோஸால்பாவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

ஊர்ப்பேச்சுச் சொற்களைச் சரிபார்க்கச் சொல்லி நீ அந்தப் பதிவை எனக்கு அனுப்பினாயே, அதையும் கேட்டேன். நம் கோழிகள் கேட்கின்றன, நீ கேள்வி கேட்பது கேட்கிறது, அத்தை தொண்டையைச் செருமுகிறாள். ஜெபம் தொடங்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கோழிகள்கூட இல்லை. பிறகு உன் "நன்றி அத்தை" மட்டும். உன் அப்பாவையும் கேட்க வைத்தேன், அதே கதைதான். உன்னிடம் சொன்னால், "கணீர்னு கேக்குதும்மா, உனக்குத்தான் காது போச்சு" என்கிறாய்.

போன ஞாயிறு நீ பேசியது நினைவிருக்கிறதா? ஆய்வேட்டில் ஜெபம் வரும் அத்தியாயத்தை உன் அறைத்தோழி டெஸ்ஸாவுக்கு வாசித்துக் காட்டியதும் அவள் தலைவலி பறந்துவிட்டது என்று சிரித்தாய். சிரிப்புக்கு நடுவில் கொட்டாவி மேல் கொட்டாவி. கண்ணில் தண்ணீர் வருகிறது, உனக்கே இப்போது தலை பாறையாகக் கனக்கிறது என்றாய். என் பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது. ஒருவர் மேல் இருக்கும் கண்ணேற்றை இழுக்கும்போது அவளுக்கும் இப்படித்தான் கொட்டாவி வரும். ஆனால் அவள் அந்தத் தண்ணீரை ஆள் மிதிக்காத இடத்தில் கொட்டிவிடுவாள். "இவ இழுக்கிறா, கொட்டத் தெரியல. எல்லாம் புள்ள மேலேயே நிக்குது" என்றாள்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை உன் பல்கலைக்கழகத் துறையில் எல்லோர் முன்னாலும் அந்த அத்தியாயத்தை வாசிக்கப்போவதாகச் சொன்னாயே, வாசிக்காதே. அத்தனை பேருடையதையும் உன் ஒரு தலை தாங்காது. ஜெபம் இருக்கும் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடு. மதிப்பெண் குறைத்தால் குறைக்கட்டும். முதல் வகுப்பு வாங்குவாய் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான், நானே சொல்கிறேன். தினமும் ஒரு தட்டுத் தண்ணீரில் எண்ணெய் சொட்டி, யாரும் நடக்காத மரத்தடியில் கொட்டு. வீட்டுக்காரி பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். டிசம்பரில், நிஜக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இங்கே வந்து அதை அத்தையின் காதில் திருப்பிச் சொல்லிவிடு. அவள் அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இனி, ஃபோனை விட்டுக் கடிதம் எழுதும் காரணம். அந்த ஞாயிறு கடைசியில் நான் ஃபோனை அத்தையிடம் கொடுத்தேனல்லவா? நீ பேசத் தொடங்கியதும் அவள் அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கொல்லையில் போய்க் கேட்டேன். "புள்ள பேசறப்ப கூடவே இன்னொருத்தி மெதுவா முணுமுணுக்கிறா. அது என் குரல்டி" என்றாள். வயசாகிவிட்டது என்று அவளைத் திட்டினேன்.

புதன்கிழமை நீ கூப்பிட்டபோது எனக்கும் கேட்டது.

உன் மேல் எந்தக் கண்ணும் படாமல் மாதா காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. உன் குரலைக் கேட்காமல் எனக்குப் பொழுது போகாது, தெரியும். ஆனாலும் கூப்பிடாதே, கண்ணே. நீ வருகிற வரைக்கும் எழுதிக்கொண்டிரு.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா