பந்து உருண்ட பிறகு பந்தயம் இல்லை

என்னங்க, உங்களைத்தான். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் டீக்கடையை மூடிவிடுவேன் என்று ரங்கூனில் நம் போட்டாதாங் பேட்டை முழுக்கப் பேசிக்கொண்டார்கள். மூடவில்லை. உங்கள் டிவி அதே சுவரில் இருக்கிறது. உங்கள் ஜெனரேட்டர் பின்வாசலில் இருமிக்கொண்டே ஓடுகிறது. நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும்.

மாடியில் டிஷ் மாட்டியது யார்? நீங்கள்தானே. இங்கிலாந்துப் பந்தாட்டம் போட்டால் கூட்டம் வரும் என்றீர்கள். வந்தது, பின்னாலேயே பந்தயமும் வந்தது. உங்கள் காலத்தில் அது பெரிய தொல்லை இல்லை. ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பந்தயம் கட்டுவார்கள். ஜெயித்தவன் எல்லோருக்கும் சமூசா வாங்கித் தருவான். தோற்றவன் மேசையில் சும்மா கிடைக்கும் வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவான்.

அதற்குப் பிறகு கோ தெய்ன் வந்தான். கையில் செல்போனோடு மூலை மேசையில் உட்கார்ந்து பந்தயம் பிடிப்பதுதான் அவன் தொழில். அடுத்த கார்னர் யாருக்கு, அடுத்த மஞ்சள் அட்டை யாருக்கு, இந்த ஃப்ரீகிக் உள்ளே போகுமா என்று ஆட்டம் ஓட ஓடக் கேட்டுக்கொண்டே இருப்பான். தோற்ற மனுசன் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைக் கட்டிவிடுவான். யோசிக்க எங்கே நேரம்? ஒருத்தரும் பந்தைப் பார்க்கவில்லை, அவன் வாயைத்தான் பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் நம் குமாரும் இருந்தான். ஆமாம், உங்கள் செல்ல மகன்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்து வாங்கும் சம்பளம் வீடு வந்து சேராது. மருமகள் மா சான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு லைங் தாயாவில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தையல் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். போகும்போது வாசலில் நின்று, அவள் பாஷையில் அம்மா என்று கூப்பிட்டு என்னிடம் கேட்டாள்: "அவரு உங்க கடையிலதான கெட்டாரு, அமே? பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

யாரிடம் போய்ச் சொல்வேன்? கோ தெய்னை விரட்டினால் எதிர்க் கடையில் போய் உட்காருவான், குமாரும் அங்கேயே போவான். அப்போதுதான் நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டு அடிக்கடி சொன்னது ஞாபகம் வந்தது. "மீ கவர்மென்டோடது, மோட்டார் என்னோடது." நாம் கரன்ட்டை மீ என்றும் ஜெனரேட்டரை மோட்டார் என்றும்தானே சொல்வோம். மீ போனால் நம் தெருவில் வெளிச்சம் இருப்பதும் டிவி ஓடுவதும் நம் கடையில் மட்டும்தான். எதிர்க் கடைக்காரனிடம் மெழுகுவர்த்திதான் உண்டு.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலமும் வழக்கம்போல மீ போனது. நான் டிவி முன்னால் நின்று சட்டத்தைப் போட்டேன். விசில் ஊதும் முன் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள், பந்து உருண்ட பிறகு எவன் பந்தயம் கட்டினாலும் மோட்டாரை நிறுத்துவேன் என்றேன். சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோ தெய்ன் கார்னர் கேட்டான், ஒருத்தன் விரலை உயர்த்தினான். நான் பின்வாசலுக்குப் போய் நிறுத்திவிட்டேன்.

ஆத்தாடி, என்ன கூச்சல்! நான் அசையவில்லை, இருட்டிலேயே டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். மறுபடி மோட்டாரைப் போட்டு டிவி வந்தபோது ஒரு கோல் விழுந்து முடிந்திருந்தது. விரலை உயர்த்தியவனை துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டும் ஊ பா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் எனக்கு வேலையே இல்லை. எவனாவது விரலைத் தூக்கினால் பக்கத்து மேசைக்காரனே இறக்கிவிட்டான். குமார் முதலில் என்னோடு பேசாமல் முறைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு மெல்ல மெல்ல ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

அப்புறம் அந்தப் பெரிய ஆட்டம் வந்தது. பாதி ஆட்டத்தில் தெருவே அலறியது, "மீ லா பீ!" கரன்ட் வந்துவிட்டது என்று ரங்கூனே கைதட்டியது, நான் மட்டும் எதிர்க் கடையைத் திரும்பிப் பார்த்தேன். எதிர்க் கடையிலும் டிவி வந்துவிட்டதே, இனி என் மோட்டாருக்கு யார் பயப்படுவார்கள்? கோ தெய்ன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த கோல் யாருக்கு என்று குமாரைத்தான் கேட்டான். குமாரின் கை சட்டைப் பைக்குப் போனது.

குமார் கையை வெளியே எடுத்தான். வெறுங்கை.

"பந்து உருண்டாச்சு, கோ தெய்ன். இனி கெடையாது" என்றான்.

கோ தெய்ன் எழுந்து, எதிர்க் கடைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டான். ஊ பா தன் முக்காலியை டிவிக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேறு ஒருவரும் அசையவில்லை. அவன் தனியாகத் தெருவைத் தாண்டிப் போனான். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன், பிறகு எல்லோருக்கும் சமூசா கொடுத்தேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மா சான் நான் சொன்னதை நம்பி உடனே வீடு திரும்பவில்லை, கெட்டிக்காரி. குழந்தையோடு கடைக்கு வந்து உட்கார்ந்து, ஒரு முழு ஆட்டம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது கல்லாவில் அவள்தான் இருக்கிறாள். எதிர்க் கடைக்காரன் கூட நம் சட்டத்தையே போட்டுவிட்டான், தெரியுமா? அவன் பொண்டாட்டி வந்து என்னிடம் கேட்டுக்கொண்டு போனாள்.

நீங்கள் சொன்னதோடு நானும் ஒன்று சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மீ கவர்மென்டோடது. மோட்டார் உங்களோடது. பிள்ளை என்னோடது. மீ வந்தாலும் போனாலும் அவனை இனி எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
பொன்னம்மா