நகர்ந்த கோடு

கோவில்பட்டி

அக்கா,

நீ தொடர் பார்க்கும் நம் வீட்டுக் கணக்கின் பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. நீ அவரைக் கட்டிக்கொண்ட பிறகு உன்னோடு பேசக் கூடாது என்று மட்டும்தான் அப்பா சொன்னார்.

நீ பார்க்கும் துப்பறியும் தொடர் சுமார்தான்; கொலைகாரன் யாரென்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அம்மா அதில் பார்ப்பது, நீ எதுவரை பார்த்தாய் என்று காட்டும் சிவப்புக் கோட்டை மட்டும். உனக்குப் பேறுகாலம் நெருங்கியபோது அது பாதியில் நின்றுவிட்டது.

"ஏட்டி, நகந்துச்சா?" என்று தினமும் என்னைக் கேட்பாள் அம்மா; சரியாகச் சாப்பிடவே இல்லை.

இன்று காலை நகர்ந்திருந்தது. தொடரையே முடித்திருக்கிறாய். அம்மா டிவியைத் தொட்டுக் கும்பிட்டாள்.

சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "பச்ச ஒடம்புக்காரி இம்புட்டு நேரம் டிவி பாத்தா கண்ணு கெட்டுப்போவும். அவகிட்ட சொல்லு."

சொல்லு என்றார், அக்கா.

உன் பழைய எண் வேலை செய்யவில்லை. தபால் வந்துசேர நாளாகும். அதனால் டிவியில் அந்தக் கணக்கில் இருக்கும் உன் பெயரை அழித்து, அந்த இடத்தில் 'கண்ணைப் பாத்துக்கோ - அப்பா' என்று போட்டுவிட்டேன்; அடுத்த தொடரைத் திறந்ததும் பார்ப்பாய்.

உன் தங்கை