நாலாவது பக்கம்

என் கண்ணு கோகிலா,

எப்படி இருக்கிறாய் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கம், வேறென்ன? நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? கருமத்தம்பட்டி லைன் வீட்டில் கடைசி வீடு உன்னுது, அதை ஒட்டினது என்னுது, நடுவில் ஒரே சுவர். தட்டினால் "ஏனுங்க்கா" என்று நீ குரல் கொடுத்துவிடுவாய். இப்போது அங்கே தறிக்கு வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் நாலு பேர் குடியிருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் ஒருநாள் தட்டிவிட்டேன். பாவம், ஒரு பையன் ஓடிவந்து என்ன வேணும் என்று இந்தியில் கேட்டான்.

அப்படியென்றால் யாழினி எங்கே என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. உன் மகளை மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், கோகிலா. உன் நாத்தனார் வீட்டில் இருக்கிறாள்; உன் வீட்டுக்காரரும் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே போய்விட்டார். என்னால் நிறுத்த முடியவில்லை.

காய்ச்சல் என்று நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாயே, அன்றைக்கு ஆட்டோவில் ஏறிக்கொண்டே என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அவளுக்குக் கணக்கு பாதியில நிக்குதுங்க்கா. ரெண்டு நாள்ல வந்து பாத்துக்கறேனுங்க" என்றாய். வந்தாயா நீ? எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் உன்மேல் கோபம்தான் வருகிறது. இப்படியா ஒருத்தி பாதியில் விட்டுவிட்டுப் போவாள்?

நம் ஏற்பாடு உனக்குத் தெரிந்ததுதான். கணக்கு உன் பொறுப்பு, பலகாரம் என் பொறுப்பு. என் மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு எனக்கும் சாயங்காலம் என்று ஒன்று வேண்டியிருந்தது. நீ அவளுடைய சின்னக் கேரம் போர்டைத் தரையில் போட்டு, அதன் ஓரத்தைச் சுற்றி நூலைப் பிடிக்கச் சொல்வாய். நூலை நீட்டி அளந்தால் சுற்றளவு. போர்டு முழுக்கச் சதுர பிஸ்கட்டை நெருக்கமாக அடுக்கி எண்ணினால் பரப்பளவு. எண்ணி முடித்ததும் அவள் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, "அம்மா, பரப்பளவத் தின்னுபோட்டேன். சுத்தளவு மட்டுந்தான் மிச்சம்" என்பாள். நான் சட்டியில் வடையைத் திருப்பிக்கொண்டே சிரிப்பேன். அந்தப் பாடம் எனக்குத் தேவைப்படும் என்று யார் கண்டது?

நீ போன பிறகு புத்தகத்தை நான் கையில் எடுத்தேன். சுற்றளவுக்குக் கூட்ட வேண்டும், பரப்பளவுக்குப் பெருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்து கூட்டுவதும் பெருக்குவதும் ஒரே வேலை, சீமாறு எடுத்துச் செய்கிற வேலை. இதை யாழினியிடம் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போனதிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த ஒரு சிரிப்புக்காகவே தினமும் புத்தகத்தைத் திறந்தேன் என்று வைத்துக்கொள்.

ஆனால் மார்க் வரவில்லை. அதுவரை கணக்கில் கெட்டிக்காரியாக இருந்த பிள்ளை, பரீட்சையில் பாதி விடையை எழுதாமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அது தெரிந்ததும் உன் நாத்தனார் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். "தாயில்லாப் புள்ளையப் பக்கத்தூட்டுல உட்டா இப்படித்தானுங்க ஆகும். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான் கெஞ்சினேன். உன் வீட்டுக்காரர், "முழுப்பரீட்சை வரைக்கும் இருக்கட்டுமுங்க. கணக்குல தேறிட்டாள்னா இங்கயே படிக்கட்டும்" என்றார். அவர் மோசமான மனிதர் இல்லை, கோகிலா. நல்லவர்களிடம்தான் சண்டை போடவும் முடிவதில்லை.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையைக் கணக்கில் தேற்றிவிட்டால் பிள்ளை நம்மோடு இருப்பாள். அவ்வளவுதானே?

பள்ளிக்கூடத்தில் உங்கள் வீட்டை அளந்து சுற்றளவு கண்டுபிடித்து வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். டேப்பைப் பிடித்துக்கொண்டு அவளே அளந்தாள். முன்பக்கம், பின்பக்கம், காலி இடத்தைப் பார்த்த பக்கம், மூன்றையும் கூட்டி விடை எழுதிவிட்டாள்.

"ஒரு பக்கம் உட்டுப்போச்சே கண்ணு" என்றேன்.

"உட்டுப்போகலீங்க பெரியம்மா. நாலாவது பக்கம் உங்கூடுங்களே. அங்க எப்படிங்க எங்கூடு முடியும்?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாள் டீச்சர் அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு அனுப்பியிருந்தார். அவர் மேல் தப்பில்லை. கணக்கில் நாலு பக்கமும் வந்தாக வேண்டும்.

அதனால் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "செவுரு யாருதா இருந்தா என்ன கண்ணு, உங்கூட்டுக்கு நாலு பக்கம், எங்கூட்டுக்கு நாலு பக்கம். அவங்கவங்களுது தனித்தனியாத்தான் எண்ணோணும்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அழித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். நீ இருந்திருந்தால் இதை வேறு எப்படியாவது சொல்லியிருப்பாயோ?

அதன் பிறகு நானும் அவளும் வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. பாய், கதவு, டிவி, தலையணை உறை, உன் வீட்டுக்காரர் படித்துக்கொண்டிருந்த பேப்பர் எல்லாவற்றையும் அளந்தோம். பரப்பளவுக்குச் 'சதுர' என்று போட நான் மறந்தால் அவள் என்னைத் திட்டுவாள். "வெறும் சென்டிமீட்டர்னு எழுதுனா மார்க் போயிருமுங்க பெரியம்மா" என்று உன்னைப் போலவே விரலை ஆட்டுவாள். சுவர் ஓரமாக நின்று நீ கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். பைத்தியம் என்று சொல்லிக்கொள்.

தேறிவிட்டாள், கோகிலா. சும்மா தேறவில்லை, வகுப்பிலேயே அவள்தான் கணக்கில் முதல். விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் உன் வீட்டுக்கு ஓடினேன். உள்ளே உன் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாழினியின் துணிகள் பையில் பாதி அடுக்கியிருந்தன.

உன் வீட்டுக்காரர் விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நல்லாப் படிக்க வெச்சுட்டீங்க்கா. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

மீதியை உன் நாத்தனார் சொன்னார். "நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க, இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா புள்ள பெரியவளாகப் போறா. எங்க சனத்தோட இருந்தாத்தானுங்க செரி. நீங்க அவளுக்கு என்ன முறையாகுதுங்க?"

"பெரியம்மாங்க" என்றேன்.

"கூப்புடறதுக்கு என்னங்க, ஆரு வேணும்னாலும் கூப்புடலாம்."

அவர் சத்தம் போடவில்லை, கோகிலா. 'ங்க' போட்டு, மரியாதையாகத்தான் சொன்னார். நீயும் நானும் ஒரே சாதிசனம் இல்லை என்பது இத்தனை வருஷத்தில் நமக்குள் ஒருநாளாவது பேச்சில் வந்திருக்கிறதா? நமக்குத்தான் வரவில்லை போலிருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், "கடைசியா ஒரு கணக்குக் குடுங்க பெரியம்மா" என்று வந்தாள். கண்ணீரில் எனக்கு எழுத்தே சரியாகத் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து கண்ணில் பட்டதைப் படித்தேன். பன்னிரண்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் உள்ள ஒரு இடம். அண்ணன் தம்பி இருவர் அதை இரண்டு சதுரமாகச் சரிபாதி பிரித்து, தனித்தனியே வேலி போடுகிறார்கள். மொத்தம் எத்தனை மீட்டர் வேலி?

எப்போதும் போல நானும் போட்டேன். முழு இடத்தைச் சுற்றி முப்பத்தாறு, நடுவில் ஒரு ஆறு, ஆக நாற்பத்திரண்டு என்றேன்.

"தப்புங்க பெரியம்மா. நாப்பத்தெட்டு."

"நடுவால ஒரு வேலி பத்தாதா கண்ணு? ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"இல்லீங்க பெரியம்மா. அவங்கவங்களுது தனித்தனியாத்தான் எண்ணோணும். நீங்கதானுங்களே சொல்லிக்குடுத்தீங்க?"

சரியான விடை. புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த விடையும் அதுதான். "கெட்டிக்காரி" என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன். அதற்குமேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை. உன் பிள்ளையை இங்கே நிறுத்திக்கொள்ளத்தான் அத்தனையும் சொல்லிக்கொடுத்தேன். பிரிவினைக் கணக்கை அவள் எனக்கே பிசகில்லாமல் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் போன் செய்தால் உன் நாத்தனார் எடுக்கிறார். புள்ள தூங்குது என்கிறார். விளக்குப் போடும் நேரத்தில் எந்தப் பிள்ளை தூங்கும்? பொறுக்க முடியாமல் போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போனேன். உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. யாழினி உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். "வாங்க" என்றாள்.

வாங்க பெரியம்மா என்று சொல்லவில்லை, கோகிலா. வெறும் வாங்க. சொல்லும்போது அத்தையின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் மறக்காத பிள்ளை என்று அவளைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினவள் நான். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நம்பிக்கையாக முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இல்லாததை எங்கே போய் எடுப்பேன்? ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்க முடியும். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பாடமே மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும் அவள் படிக்கிற பாடத்தை இங்கே நானும் படிப்பேன். அவள் ஏழுக்குப் போனால் நானும் ஏழுக்குப் போவேன். என்றைக்காவது அவளே போன் எடுத்து ஒரு கணக்குக் கேட்டால், தெரியாது என்று சொல்ல மாட்டேன். கேட்காமலே வளர்ந்துவிட்டாலும் படிப்பேன்.

உன் அக்கா,
கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் யாழினிக்குப் பெரியம்மா.