லேனா போடாத கையெழுத்து

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஜெர்மன் வகுப்பு இன்று கிடையாது. மொழிபெயர்ப்பு 212ஆம் பக்கம் வரை முடிந்தது.

நூறு வருடத்துக்கு மேல் பழைய ஜெர்மன் வழக்குத் தொகுப்பு. இணையத்தில் இலவச ஸ்கேன். பழைய அச்சில் எஃப்பும் எஸ்ஸும் ஒன்றுபோல, கண் எரிச்சல். பக்க ஓரத்தில் ஸ்கேன் எடுத்தவரின் கட்டைவிரல். யாரோ, நன்றி.

லேனா, வீட்டு வேலைக்காரி. வெள்ளிக் கரண்டி திருடியதாக வழக்கு. ஏழு வாரம் சிறை. ஒப்புதல் தாளை மூன்று முறை நீட்டினார்கள். மூன்று முறையும், "நான் எடுக்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன்." சாட்சியம் இல்லையென்று விட்டுவிட்டார்கள். கரண்டி கிடைக்கவேயில்லை.

வாங்க: கண் சொட்டு மருந்து, பீன்ஸ், சு.வுக்கு ஷேவிங் பிளேடு.

ஜூலை 10, வியாழன்

தி.நகர், பதிப்பாளர் அலுவலகம். போகும் வழியில் செருப்பு அறுந்தது. பூக்காரம்மா: "இன்னாமா, நடுவுல நின்னுகினு? ஓரமா வா."

என் முதல் புத்தகம். ஐம்பத்தெட்டு வயதில்.

பதிப்பாளர்: "லேனா கேஸ்ல கரண்டிய யார் எடுத்தான்னே தெரியலன்னா எப்படி மேடம்? கடைசியில அவளே ஒத்துக்கிற மாதிரி ஒரு வரி சேர்த்துடுங்க. காப்புரிமை இல்லாத புக்கு. யார் வந்து கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன்."

சிரித்தார். திங்கள்வரை யோசிக்கச் சொன்னார்.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. வீட்டுக்காரர் சுந்தரத்திடம் சொன்னேன்.

"ஒரு வரிதானேடி. எழுதிக் குடுத்துட்டுப் போயேன்."

இருபது வருடம் முன்பும் இதே குரல். நான் வேலை பார்த்த பள்ளியில் வினாத்தாள் வெளியானது. பீரோ சாவி என்னிடம் இருந்ததால் பழி என்மேல். மன்னிப்புக் கடிதம் நீட்டினார்கள். "ஒரு கையெழுத்துதானே" என்றார் சுந்தரம். போட்டேன். வேலையும் போச்சு.

இன்றுதான் சொன்னேன். "நான் எடுக்கலை. நீங்க அப்போ கேக்கவே இல்லை."

டி.வி.யை அணைத்தார். அப்புறம், "கேட்டிருக்கணும்."

பீன்ஸ் தீய்ந்துவிட்டது. அதையே இருவரும் சாப்பிட்டோம்.

ஜூலை 14, திங்கள்

சு. ஸ்கூட்டரில் பதிப்பாளர் அலுவலகத்தில் கொண்டுவிட்டார். அவராகவே.

"பிரதியைத் திருப்பி எடுத்துக்கறேன் சார்."

"வேற யாரும் போட மாட்டாங்க மேடம்."

"இணையத்துல நானே போட்டுக்கறேன். அந்த ஸ்கேனும் அங்கதானே இருக்கு."

ஒரு தாள் நீட்டினார். 'சொந்தக் காரணங்களால் பிரதியைத் திரும்பப் பெறுகிறேன்.'

முதல் இரண்டு வார்த்தைகளை அடித்தேன். மேலே எழுதினேன்: 'லேனா ஒப்புக்கொண்டதாகப் பொய் எழுத மறுத்ததால்.'

"சும்மா ஃபைலுக்குத்தான் மேடம். இதெல்லாம் எதுக்கு?"

முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.