புது கிரில் அனுப்பாதே

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்குச் சளி விட்டதா என்று எழுது. இங்கே நாங்களும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் அது எப்படிப்பட்ட நலம் என்று நீ தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். எந்தப் போனில் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் உன் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறார், கறி சுடும் அந்தப் பழைய கேஸ் கிரில்லின் மேல் சாய்த்து வைக்கிறார், அப்புறம் அப்பனும் மகனும் பர்னர், ஹோஸ், துரு, பிசுக்கு என்று ஒரு மணி நேரம். கடைசியில் போன் என் கைக்கு வந்ததும் "அம்மா, நல்லா இருக்கியா, உடம்பைப் பாத்துக்கோ, வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். பெற்றவளுக்கு அரை நிமிடம், துருப்பிடித்த இரும்புக்கு ஒரு மணி நேரம். அதற்கும் கோபம்தான், ஆனால் அது பழைய கோபம். இது புதுசு.

அந்த கிரில்லை நான் எப்போதோ தூக்கிப்போடச் சொன்னேன். மூடியின் கைப்பிடி ஆடுகிறது, மழை பெய்தால் துருத் தண்ணீர் வழிந்து தரையெல்லாம் கறை. புதிதாக வாங்கிவிடலாம் என்று மருமகளும் சொன்னாள், அவளுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லை. நீதான், "பாடி நல்ல கனமான இரும்புப்பா, இப்ப வர்றதெல்லாம் தகரம், சுத்தம் பண்ணி பார்ட் மாத்தினா இன்னும் பத்து வருஷம் வரும்" என்று அங்கே உட்கார்ந்துகொண்டு கொம்பு சீவிவிட்டாய். அதோடு மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நான் துணி ஊறவைக்கும் தொட்டியில் வினிகரை ஊற்றிக் கம்பித்தட்டை ஊறப்போட்டார். பர்னர் குழாயில் இருக்கும் ஓட்டை ஒவ்வொன்றையும் என் தையல் ஊசியால் குத்தி அடைப்பெடுத்தார், ஊசி முறிந்தால் அடுத்த ஊசி. பிரஷ் போட்டுத் தேய்த்த கரியெல்லாம் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பில். நீயும் சளைக்காமல் பார்சல் பார்சலாக அனுப்பினாய். உள்ளதைச் சொல்ல வேண்டும், பளபளவென்று ஆக்கித்தான் விட்டார், மூடியில் முகம் பார்க்கலாம். நானே பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீ அனுப்பிய புது ஹோஸை, சிலிண்டரிலிருந்து கேஸ் வரும் அந்த ரப்பர் குழாயை, போன ஞாயிறு அவரே மாட்டினாரே, நினைவிருக்கிறதா? நீ போனில் இருந்தாய். "கேஸைத் திறந்துட்டு வாசனை வருதான்னு பாருங்கப்பா" என்று நீ சொன்னது கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அவர் குனிந்து சிலிண்டர் பக்கம் முகத்தைக் கொண்டுபோய் நன்றாக மூச்சை இழுத்தார், "ஒண்ணும் வரலடா" என்றார். "அப்போ தைரியமா பத்த வைங்க" என்றாய். அந்த நேரம் பார்த்துக் காற்று என் பக்கம் திரும்பியது. குப்பென்று கேஸ் நாற்றம். துணியைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடி, அவர் கையிலிருந்த லைட்டரைத் தட்டிவிட்டு, சிலிண்டரை மூடினேன். நீ அங்கிருந்து "அம்மா ஏன் கத்துறா?" என்று கேட்டாய். "நான் எதைத் தொட்டாலும் உங்க அம்மா கத்துவா, தெரியாதா?" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் சிலிண்டரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்கு அந்த அரை நிமிடம்கூட நான் பேசவில்லை, அதையாவது கவனித்தாயா?

நீ போனை வைத்த பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். வினிகர் பாட்டிலைத் திறந்து மூக்கருகே பிடித்து இது என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து "தண்ணியா?" என்றார். போன குளிர்காலத்தில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாரே, அன்றிலிருந்து எந்த வாசனையும் கிடையாதாம். பால் தீய்ந்து வீடே நாறியபோது பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், நான் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடமே மறைத்திருக்கிறார். மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். வாசனை தெரிவது திரும்ப வரலாம், வராமலும் போகலாம், கேஸ் பக்கம் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். கேஸ் கடைக்காரரிடம் சொன்னபோது, சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்க்க வேண்டியதை மூக்கை வைத்தா பார்ப்பார்கள் என்று அவரும் திட்டினார். வாங்கிக்கொண்டேன், உங்கள் இருவர் பங்கையும் சேர்த்து.

இதற்கு நடுவில் அவர் உனக்கு, ஹோஸில் சின்னக் கசிவு என்று பூசி மெழுகிச் செய்தி அனுப்பியிருக்கிறார். நீ உடனே புது கிரில்லுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறாய். ஏன்டா, புதுசு மட்டும் என்ன தண்ணீரிலா எரியும்? அதுவும் கேஸ்தானே? நான் பழசை வை என்றும் சொல்லவில்லை, புதுசை வாங்கு என்றும் சொல்லவில்லை. உன் அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்கிறேன். ஆர்டரை நிறுத்து. சிலிண்டரை நான் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிரில் இருக்கட்டும், வேண்டிய மட்டும் தேய்க்கட்டும்.

சிலிண்டர் போன அன்றைக்கு அவர் என்னோடு சண்டை போடுவார் என்று நானும் தயாராகத்தான் நின்றேன். போடவில்லை. கைப்பிடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டே, "மூக்கு போச்சுன்னு சொன்னா நீ இதை எடுத்துடுவேன்னு தெரியும். இது இல்லாட்டி அவன் எங்கிட்ட என்ன பேசுவான்? அவன்கிட்ட என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியாதே" என்றார். அதுவரை அவர் மேல் இருந்த கோபம் முழுக்க உன் மேல் திரும்பிவிட்டது. நீ என்ன வேலை பார்க்கிறாய் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது, யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்கிறார். குட்டிக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. ஹோஸின் அளவு மட்டும் தெரியும். உயிரைப் பணயம் வைத்துத்தான் ஒரு மனுஷன் பெற்ற மகனோடு பேச வேண்டுமா? அவருக்குத்தான் கேட்கத் தெரியாது. உனக்குமா தெரியாது?

கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப்போவதில்லை. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. வழக்கம்போல அவர்தான் எடுப்பார், வழக்கம்போலப் பின்பக்கம் போய் நிற்பார், இந்த முறை என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பார். நீ முதலில் பேசு.

இப்படிக்கு,
உன் மேல் தீராக் கோபத்தோடும் ஆசியோடும்,
அம்மா